பதினேழு பேர் ஜாமீன்

கலியபெருமாள் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே நாற்றங்காலுக்கு வந்தான். ஆவணி மாதக் கடைசி. வீராணம் ஏரியில் தண்ணீர் நிறைந்து வாய்க்காலில் வந்துகொண்டிருந்தது. அஞ்சம்மாளும் இன்னும் ஆறு பெண்களும் வரிசையாகக் குனிந்து நாற்றுக்குள் கோரை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வாரநாளில் மகன் வந்து வரப்பில் நிற்கிறான் என்றதும் அஞ்சம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையிலிருந்த கோரையை வரப்பில் எறிந்தாள்.

அண்ணாமலை நகரில் எம்.எஸ்ஸி. விவசாயம் படித்துக்கொண்டிருந்தான் அவன். அவர்கள் குடியிருந்த காலனியில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள். படிப்பின் இரண்டாம் வருஷத்து ஆராய்ச்சியை மணிலாவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செய்ய, அவனுடைய டிபார்ட்மெண்டிலிருந்து ஒருவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தேர்வானவன் கலியபெருமாள். போக வர டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்களே கொடுக்கிறார்கள். அங்கே ஒரு வருஷம் செய்கிற வேலையை வைத்துத்தான் இங்கே பட்டம்.

"பிலிப்பைன்ஸா? அது எங்கடா கெடக்குது?" என்றாள் அஞ்சம்மாள்.

"கெழக்கால. நம்ம கடலத் தாண்டி, அதுக்கும் அந்தாண்ட ஒரு கடல் தாண்டி."

"அங்க போயி என்னா பண்ணுவ?"

"வயல்ல நடவு நட்டு, எந்த நெல்லுக்கு எவ்ளோ ஒரம் போட்டா எப்பிடி வெளையுதுன்னு பாக்கணும்."

பக்கத்தில் நின்ற மங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "நடவு நடறதுக்கா கடல் தாண்டிப் போறாங்க? அப்பிடின்னா உங்கம்மா இந்நேரத்துக்கு ஒலகத்த ரெண்டு தரம் சுத்தி வந்துருக்கணுமேடா."

எல்லாரும் சிரித்தார்கள். அங்கேயும் பொம்பளைகள்தான் நடுகிறார்களா என்று ஒருத்தி கேட்டாள். ஆம்பளைகளும் நடுவார்களாம் என்று அவன் சொன்னதும் சிரிப்பு இன்னும் ஜாஸ்தியானது. அஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று கேட்டாள். மார்கழியில் கிளம்ப வேண்டும், பாஸ்போர்ட் மட்டும் ஐப்பசி முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும் என்றான்.

சிக்கல் அந்த பாஸ்போர்ட்டில்தான் வந்தது. அந்த நாளில், 1966இல், வெளிநாடு போகிறவனுக்கு ஒரு ஜாமீன் வேண்டும். போன இடத்தில் கதியற்று நின்றால் சர்க்கார் திருப்பி அழைத்து வரும் செலவுக்குச் சொத்துள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஊரில் சொத்துள்ளவர் என்றால் தாண்டவராயன். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. அஞ்சம்மாளும் அவள் புருஷன் சடையப்பனும் வேலை செய்தது அவர் பண்ணையில். அவர்கள் குடிசை நின்றதும் அவர் களத்து மேட்டை ஒட்டிய அவருடைய மனையில்.

மறுநாள் காலையில் சடையப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். கலியபெருமாள் பேன்ட் சட்டையோடு பக்கத்தில் நின்றான். தாண்டவராயன் நாற்காலியைத் திண்டோடு வெளியே போடச் சொல்லி உட்கார்ந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. படிவத்தை வாங்கி முழுதாகப் படித்தார்.

"நம்ம பண்ணப் பையன் ஒருத்தன் வெளிதேசம் போறான்னா எனக்கும் பெருமதான் சடையப்பா. ஆனா யோசன பண்ணிப் பாரு. ஒத்தப் புள்ள. போன எடத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ என்னா பண்ணுவ?"

"நீங்கதான் பாத்து சொல்லணும் ஆண்ட" என்றார் சடையப்பன். அவரை அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

"ராமாமிர்தமும் அதே கிளாஸ்தான். என் தங்கச்சி மவன். லிஸ்டுல இவனுக்கு அடுத்த பேரு அவன் பேரு. ஒடம்பு சரியில்ல, என்னால போவ முடியலன்னு இவன் ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டான்னா போதும். இவனுக்கு இங்கியே வெவசாய டெப்போவுல ஒரு வேலைக்கு நான் சொல்றேன். ஒம் புள்ளயும் கண்ணு முன்னால இருப்பான். நீயும் எப்பவும் போல நம்ம மனையில இருக்கலாம்."

கடைசி வாக்கியத்தை மற்றவற்றைப் போலவே மெதுவாகத்தான் சொன்னார். படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் மடித்துச் சடையப்பனிடம் நீட்டினார்.

அன்றைக்குச் சடையப்பன் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அஞ்சம்மாள் வயலில் பிடித்து வந்த நண்டை இடித்துக் குழம்பு வைத்திருந்தாள். சட்டி அப்படியே இருந்தது. மனையை விட்டுப் போகச் சொன்னால் எங்கே போவது என்று சடையப்பன் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மனையில் அவர் அப்பனும் இருந்தவர். மழைக்காலம் வேறு வருகிறது. அஞ்சம்மாள், கையெழுத்துப் போடாவிட்டால் போகட்டும், கடுதாசி எதற்கு என்றாள். ஆண்டை கேட்டு எப்படி இல்லை என்பது என்றார் சடையப்பன். கலியபெருமாள் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தான். பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, உடல்நிலை காரணமாக விலகிக்கொள்வதாக நாலு வரி எழுதி அப்பாவிடம் கொடுத்தான்.

"எதுக்குடா எழுதுன?" என்றாள் அஞ்சம்மாள்.

"இங்க இருந்தே வேற எதாவது ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கிக்கறேம்மா. அப்பா நிக்கறத என்னால பாக்க முடியல."

அவன் மாலை பஸ்ஸுக்கே அண்ணாமலை நகர் திரும்பிவிட்டான். ஹாஸ்டலில் ராமாமிர்தம் அவன் கண்ணைப் பார்க்காமல், கேட்டது தன் மாமாதான், தான் இல்லை என்றானாம். ஆனால் நீ போகவில்லை என்றால் நான் போவேன் என்றும் சொன்னானாம். அதைக் கேட்டுக் கலியபெருமாளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் தன்னை ரொம்ப உறுத்தியது என்று பின்னால் சொன்னான்.

மறுநாள் காலையில் சடையப்பன் கடுதாசியை மடியில் வைத்துக்கொண்டு பண்ணை வீட்டுக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் அஞ்சம்மாள் கை கால் கழுவி, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அண்ணாமலை நகருக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. அகலமான சாலைகளும் ஒரே மாதிரி கட்டடங்களும் அவளுக்குத் திசை காட்டவில்லை. கேட்டுக் கேட்டு விவசாய டிபார்ட்மெண்டைக் கண்டுபிடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. புரொபசர் கடலூர் போயிருந்தார். டைப் அடிக்கிற ராணியம்மாள் மட்டும் டிபன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். கலியபெருமாளின் அம்மா என்றதும் எழுந்து நாற்காலியைக் காட்டினாள். அஞ்சம்மாள் உட்காரவில்லை.

"இதுல என்னா எழுதியிருக்குன்னு ஒரு எழுத்து விடாம படிச்சு சொல்லும்மா."

ராணியம்மாள் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படித்தாள். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. ஜாமீன் என்ற இடம் வந்ததும் அஞ்சம்மாள் நிறுத்தினாள்.

"பண்ணக்காரருதான் போடணும்னு இருக்குதா?"

"இல்லம்மா. சொத்துள்ளவங்க யாராவது போடணும்."

"யாராவதுன்னா?"

"யாராவதுதான். ஆம்பள, பொம்பள, யாரா இருந்தாலும். சொத்து மதிப்பு போதுமானதா இருக்கணும், அவ்ளோதான்."

"ஒருத்தருதான் போடணும்னு இருக்குதா?"

ராணியம்மாள் இன்னொரு தடவை படித்தாள். அப்படி எதுவும் இல்லை, ஆனால் ஒருவர் எழுதத்தான் இடம் விட்டிருக்கிறது என்றாள். அஞ்சம்மாள் படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டாள். சாப்பிடச் சொன்னதற்கு, நீ சாப்பிடும்மா, ஆறிப் போச்சு என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சடையப்பன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடுதாசி அவர் கையிலேயே இருந்தது.

"குடுக்கல" என்றார்.

அஞ்சம்மாள் படிவத்தைக் கூரைச் செருகலில் வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"போயி நின்னேன். அவுரு குளிச்சிட்டு இருந்தாரு. கூடத்துல புதுப் பொட்டி ஒண்ணு இருந்துது. தோலு பொட்டி. ராமாமிர்தத்துக்குன்னு கும்பகோணத்துல வாங்கியாந்துட்டாங்களாம். நான் கடுதாசி குடுக்கறதுக்கு முன்னாடியே." கையிலிருந்த கடுதாசியைத் திருப்பிப் பார்த்தார். "நான் குடுப்பேன்னு அவ்ளோ நிச்சயமா இருந்துருக்காரு. திரும்பிட்டேன்."

கடுதாசியை அடுப்பில் போட்டார். தீ இல்லாததால் அது அப்படியே கிடந்தது. அஞ்சம்மாள் குனிந்து நெருப்பு மூட்டினாள். பிறகுதான் தன் யோசனையைச் சொன்னாள்.

வெள்ளைக்காரன் காலத்தில், ஏரியின் உபரித் தண்ணீர் ஓடும் ஓடைக்கரையில், காலனிக்காரர்கள் பத்தொன்பது பேருக்கு ஆளுக்கு முப்பது குழி நிலம் சர்க்கார் கொடுத்திருந்தது. உவர் மண். பாதி வருஷம் தண்ணீரில் கிடக்கும், மீதி வருஷம் வெடித்துக் கிடக்கும். கோரையைத் தவிர எதுவும் ஒழுங்காக வளராது. ஆனால் பட்டா இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பானைக்குள்ளோ கூரைச் செருகலிலோ ராசாத் தலை முத்திரை போட்ட ஒரு காகிதம் இருந்தது.

இரண்டு நாள் அஞ்சம்மாளும் சடையப்பனும் வீடு வீடாகப் போனார்கள். நிலம் போய்விடுமா என்று எல்லாரும் கேட்டார்கள். போனாலும் போகலாம் என்று அஞ்சம்மாள் மறைக்காமல் சொன்னாள். மங்கம்மாதான் முதலில் எடுத்துக் கொடுத்தாள். புருஷன் இறந்து பட்டா அவள் பேரில் இருந்தது. "இத வெச்சு இதுவரைக்கும் ஒரு கலம் நெல்லு எடுக்கல. ஒரு புள்ளையாவது போய்ட்டு வரட்டும்" என்றாள். பத்தொன்பதில் இரண்டு பேர் பயந்து மறுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் அஞ்சம்மாளுக்கு வருத்தமில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் குடிசையும் பண்ணை மனையில்தான் இருந்தது.

புரட்டாசி மாதத்துத் திங்கட்கிழமை. தாண்டவராயன் வயலில் நடவு ஆரம்பிக்க வேண்டிய நாள். நாற்றுக்கு முப்பது நாள் ஆகியிருந்தது. விடிந்ததும் காரியக்காரர் சுப்புராயன் காலனிக்கு ஆள் கூப்பிட வந்தபோது, முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடந்தது. பட்டாக்காரர்கள் பதினேழு பேரும் அஞ்சம்மாளும் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய் அங்கிருந்து கடலூர் பஸ் ஏறியிருந்தார்கள். சிதம்பரத்தில் கலியபெருமாளும் சேர்ந்துகொண்டான். அவன் தலை கவிழ்ந்தே வந்தான். இத்தனை பேர் தனக்காக ஒருநாள் கூலியை விட்டு வருவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மங்கம்மா அவன் தோளில் ஒரு அடி வைத்து, நிமிர்ந்து உட்காருடா, சன்னலோரம் காத்து வரட்டும் என்றாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஜாமீனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் கலெக்டர் ஆபீசுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பியூன் எல்லாரையும் மரத்தடிக்கு அனுப்பினான். கட்டி வந்த புளிச்சோற்றையும் சுட்ட நெத்திலிக் கருவாட்டையும் அங்கேயே சாப்பிட்டார்கள். கிளார்க் ஞானசேகரன் இரண்டு தடவை வெளியே வந்து, ஒரு ஆள் மட்டும் ஜாமீன் போடுங்கள், கூட்டம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு ஆளிடம் அத்தனை சொத்து இல்லை என்று இரண்டு தடவையும் அஞ்சம்மாள் சொன்னாள். மூன்று மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். பதினேழு பட்டாவையும் மேஜைமேல் பரப்பிப் பார்த்தார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நிபந்தனைப் பட்டா. இந்த நெலத்த விக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, ஒத்திக்கு விடக் கூடாது."

"ஜாமீன் நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குதாங்க?" என்றாள் அஞ்சம்மாள்.

அவர் மறுபடி படித்தார். "எழுதல. ஆனா யோசிச்சுப் பாரும்மா. உங்க பையன் அங்க மாட்டிக்கிட்டா, இந்த நெலத்த வித்து சர்க்காரு பணம் எடுக்க முடியாது. அப்புறம் இது என்னா ஜாமீன்?"

"நெலம் எங்கியும் போவாதுன்னு நீங்களே சொல்றீங்க. நாங்களும் எங்கியும் போவ மாட்டோம். ஓடறவங்களா இருந்தா எப்பவோ ஓடியிருப்போம் சார். பதினேழு குடும்பம். தெனம் சேத்துல எறங்கி வேல செய்யறவங்க. ஒருத்தரு கையெழுத்த நம்பற எடத்துல பதினேழு பேரு கைய நம்ப மாட்டீங்களா?"

அதிகாரி கையிலிருந்த பட்டாவை மேஜைமேல் வைத்தார். சடையப்பன் பின்னால் நின்றிருந்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. அதிகாரி கலியபெருமாளிடம் இங்கிலீஷில் என்னமோ கேட்டார். எந்த நெல், என்ன ஆராய்ச்சி என்று கேட்டிருப்பார் போல. அவன் பதில் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார்.

"நான் சாட்சிதான் போட முடியும். ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் மெட்ராஸ் ஆபீஸ்."

"நீங்க போடறதப் போடுங்க. மெட்ராசுக்கு வரச் சொன்னாலும் வரோம்."

படிவத்தில் இடம் போதாமல் இரண்டு தாளை ஒட்டினார்கள். கலியபெருமாள் பெயர்களை எழுத, ஒவ்வொருவராக வந்து கட்டை விரலை வைத்தார்கள். சடையப்பன் அழுத்திய அழுத்தில் மை தாளின் மறுபக்கம் தெரிந்தது. வெளியே வந்தபோது வராந்தாச் சுவர் முழுக்க, முன்னால் வந்துபோனவர்கள் துடைத்துவிட்டுப் போன மைத்தடங்கள். மங்கம்மா விரலை அங்கே துடைக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, துடைக்காமலே பஸ் ஏறினாள்.

அடுத்த நாள் காலனியில் யாருக்கும் வேலை இல்லை. பண்ணை வயலில் இறங்கக் கூடாது என்று சுப்புராயன் சொல்லிவிட்டுப் போனார். லாரியில் வெளியூர்ப் பெண்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு அந்த மண் பழக்கமில்லை. புதைசேற்றில் நடை வராமல் மூன்றாம் நாள் பாதியில் போய்விட்டார்கள். மிச்ச நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அஞ்சம்மாளைத் தவிர மற்றவர்கள் வரலாம் என்று எட்டாம் நாள் ஆள் வந்தது. அவள் இறங்காமல் நாங்கள் இறங்க மாட்டோம் என்று மங்கம்மா சொல்லியனுப்பினாள். அந்த எட்டு நாளும் காலனியில் கூழுக்கு வெறும் உப்புதான். ஒன்பதாம் நாள் எல்லாரும் இறங்கினார்கள், அஞ்சம்மாளும்தான்.

மெட்ராஸிலிருந்து ஒரு கேள்வி வந்தது, பதில் போனது. போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்து போனார். ஐப்பசி தீர்ந்தும் பாஸ்போர்ட் வரவில்லை. புரொபசர் இன்னும் பத்து நாள் தவணை கேட்டு மணிலாவுக்குத் தந்தி கொடுத்தார். கார்த்திகை ஆறாம் தேதி பாஸ்போர்ட் ஹாஸ்டல் விலாசத்துக்கு வந்தது. மார்கழியில் கலியபெருமாள் கிளம்பினான். சிதம்பரம் ஸ்டேஷனில் காலனியே நின்றது. ராமாமிர்தம் கொஞ்சம் தள்ளி ஒரு தூணோரம் நின்றிருந்தான். வண்டி நகர்ந்தபோது அவனும் கையைத் தூக்கினான்.

அறுவடை முடியும் வரை தாண்டவராயன் ஒன்றும் பேசவில்லை. ஆள் வேண்டியிருந்தது. மாசி பிறந்ததும் கிராம முன்சீப்பையும் கடப்பாரையோடு இரண்டு ஆட்களையும் அனுப்பினார். மனையை உடனே காலி செய்ய வேண்டும். சடையப்பன் வெளியே வந்து பார்த்தார். தாண்டவராயன் களத்து மேட்டில் குடை பிடித்து நின்றிருந்தார்.

"என் வூட்ட நானே பிரிச்சுக்கறேன். யாரும் கை வெக்காதீங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார் சடையப்பன். ஆண்ட என்ற சொல் அதில் இல்லை. ஏறிக் கூரைக் கட்டுகளை அவரே அறுத்தார். மூங்கிலையும் கீற்றையும் காலனி ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு நடந்தார்கள். அவருடைய முப்பது குழியில் வண்டி வண்டியாக மண் கொட்டி மேடு எழுப்பி, ஐந்தே நாளில் அங்கே குடிசை நின்றது. மறுத்த இரண்டு வீட்டுக்காரர்களும் மண் சுமந்தார்கள்.

பங்குனியில் கலியபெருமாளிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டைப் பிரித்த விஷயத்தை ராமாமிர்தம் எழுதியிருந்தானாம். தன்னால்தான் இத்தனையும் என்றும், சோறு இறங்கவில்லை என்றும், அடுத்த மாதமே திரும்பி வந்துவிடுவதாகவும் எழுதியிருந்தான். அஞ்சம்மாள் அதை எடுத்துக்கொண்டு அண்ணாமலை நகருக்குப் போனாள். ராணியம்மாள் வெளிநாட்டுக் கவர் ஒன்று வாங்கி வந்து, என்ன எழுத வேண்டும் என்றாள். இந்தத் தடவை அஞ்சம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வராதேன்னு எழுதும்மா. நீ பாதியில வந்தா, கை வெச்ச பதினேழு பேருக்கு நான் என்னா பதிலு சொல்லுவேன்? வேலைய முடி. எந்தப் பட்டத்துக்குப் போனியோ அத வாங்கு. சோறு எறங்கலன்னா மீனு கேட்டு வாங்கித் தின்னு. உங்கப்பா நல்லா இருக்காரு. கோரையப் பொரட்டிப் போட்டு வரகு வெதைக்கப் போறாரு."

ராணியம்மாள் எழுதிக்கொண்டே வந்தாள். அஞ்சம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பண்ணை மனையில் எல்லாக் குடிசைக்கும் வாசல் களத்து மேட்டைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். மேட்டிலிருந்து கூப்பிட்டால் உள்ளே படுத்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்பது அங்கே வைத்த கட்டுப்பாடு. அது மகனுக்கும் தெரியும்.

"வூடு கட்டியாச்சுன்னு எழுது. வாசல ஓடைப் பக்கம் வெச்சிருக்கோம். காத்து நல்லா வருது."

"வேற எதாவது எழுதணுமாம்மா?"

"போதும். ஒட்டிடு."